மருத்துவர் எழுதிய தன்வரலாறு: முத்துலட்சுமி ரெட்டியின் இரு நூல்களில் பேச்சும் மௌனமும்

முன்னுரை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) தமிழுலகம் நன்கறிந்த பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மருத்துவர். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர். அடுத்து அம்மன்றத்தின் துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழிப்புக்கு வித்திட்டவர். அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியவர். மலர்களிலும் பாடநூல்களிலும் இப்பட்டியல் ஏறத்தாழ இதே வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் நூலாசிரியரும் ஆவார் என்பது இப்பட்டியலில் பெரும்பாலும் கடைசி வரியாகவே நின்றுவிடுகிறது. அவருடைய நூல்கள் செய்திகளை எடுத்துக்கொள்ளும் களஞ்சியமாகப் பயன்பட்ட அளவுக்கு எழுத்தாக வாசிக்கப்படவில்லை.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய இரு நூல்கள் இங்கு ஆய்வுக்கு உரியவை. ஒன்று, ‘சட்டமன்ற உறுப்பினராக எனது அனுபவம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1930இல் வந்தது. மற்றது 1964இல் வெளியான தன்வரலாறு. இரண்டுக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள். முன்னது போராட்டத்தின் சூடு ஆறுமுன் எழுதப்பட்டது; பின்னது போராட்டங்கள் முடிந்து நிறுவனங்கள் நிலைபெற்றபின் எழுதப்பட்டது. இவ்விரு நூல்களின் உரைநடையையும் ஒரு மருத்துவரின் பார்வையே வடிவமைத்துள்ளது என்பதும், அவற்றின் வலிமை, குறை இரண்டுக்கும் அப்பார்வையே காரணம் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

‘முதல்’ என்னும் அடைமொழி

நூல்களுக்குள் நுழையுமுன் ஒரு தடையை அகற்ற வேண்டியுள்ளது. முத்துலட்சுமி ரெட்டியைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி என்று குறிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது சரியன்று. அக்கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு சேர்ந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப், பின்னர் இலண்டனில் உயர்பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி, 1885இல் சாதி இந்து, கோஷா பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். ‘சகுணா’, ‘கமலா’ என்னும் ஆங்கில நாவல்களை எழுதிய கிருபாபாய் சத்தியநாதனும் 1878இல் அங்கு மருத்துவம் பயிலத் தொடங்கி, உடல்நலக் குறைவால் இடையில் விட்டவர். முத்துலட்சுமி 1907இல் சேர்ந்தபோது அவருக்கு முன் முப்பதாண்டுகாலத் தடம் ஒன்று இருந்தது.

இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைவதில்லை. அவரை ஒரு மரபுக்குள் வைத்துப் படிக்க வழி பிறக்கிறது. ஷார்லீப் 1924இல் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக்கினார். கிருபாபாய் தம் வாழ்வை நாவலாக்கினார். மருத்துவக் கல்வியும் எழுத்தும் ஒரே பெண்ணிடம் சேர்வது சென்னையில் முத்துலட்சுமிக்கு முன்பே நிகழ்ந்த ஒன்று. ‘முதல்’ என்னும் சொல் இம்மரபை மறைத்துவிடுகிறது. ஒருவரைத் தனிச் சிகரமாக நிறுத்திவிட்டால் அவர் எழுதியதை மற்றவர் எழுதியதோடு ஒப்பிடும் தேவை எழுவதில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் திறனாய்வும் இல்லை.

நோயாளிக் குறிப்பின் அமைப்பு

மருத்துவமனையில் எழுதப்படும் நோயாளிக் குறிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நோயாளியின் முறையீடு, முன்வரலாறு, கண்டறிந்த அறிகுறி, நோய் இன்னதென்னும் முடிவு, மருந்து, அதன் பின்விளைவு என்று அது செல்லும். எழுதுபவரின் உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. 1930ஆம் ஆண்டு நூலை இவ்வொழுங்கை மனத்தில் கொண்டு படித்தால் அதன் கட்டுக்கோப்பு தெளிவாகிறது. தம் வாழ்வின் நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்வது ஆசிரியரின் நோக்கமன்று. பள்ளிச் சிறுமியரின் உடற்பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவ வசதி, குழந்தை மணம், விபசார விடுதிகள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் என ஒவ்வொரு கேடும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. முதலில் கேடு காட்டப்படுகிறது; பிறகு காரணம்; அதன்பின் தீர்மானமோ மசோதாவோ மருந்தாக முன்வைக்கப்படுகிறது; முடிவில் மன்றமும் அரசும் அதை எப்படி ஏற்றன என்பது பதிவாகிறது.

இவ்வமைப்பு மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடம் குழந்தை மணம் பற்றியது. திருமண வயது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 என உயர்த்தப்பட வேண்டும் என்று முத்துலட்சுமி 1928இல் மன்றத்தில் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 என்ற அளவிலேயே நின்றது. அவர் கேட்டதற்கும் நாடு கொடுக்க முன்வந்ததற்கும் இடையே இருந்த தொலைவை இந்த எண்களே காட்டிவிடுகின்றன. இவ்வாதத்தில் அவர் சாத்திரச் சான்றுகளுக்குள் நெடுநேரம் தங்குவதில்லை. இளம்வயதுப் பேறு தாய்க்கும் சேய்க்கும் என்ன செய்கிறது என்பதை மகப்பேற்று அறையில் கண்டவரின் சொற்களாக அவை வருகின்றன. அந்த அறைக்குள் சென்றிராத ஆண் உறுப்பினர் நிறைந்த மன்றத்தில் இதற்கு நேரான மறுமொழி எவரிடமும் இருக்கவில்லை. மருத்துவரின் அனுபவம் அரசியல் வாதமாக மாறிய இடம் இது. தமிழகத்துப் பெண் எழுத்து வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

1964ஆம் ஆண்டுத் தன்வரலாற்றிலும் இதே கை தெரிகிறது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் 1904இல் ஆடவரிடையே ஒரே மாணவியாகச் சேர்ந்தது, அதற்கு எழுந்த எதிர்ப்பு, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி தந்தது, திரைமறைவில் அமர்ந்து பாடம் கேட்டது ஆகியவை பிறர் கையில் பெருங்காட்சிகளாக விரிந்திருக்கும். அவரோ இவற்றைத் தகவல்களாகவே தருகிறார். தம் உடலைப் பற்றி எழுதும்போதும் அப்படியே. இளமையில் வருத்திய மூச்சிரைப்பும் கண்பார்வைக் குறையும் ஒரு நோயாளியின் முன்வரலாறு போலக் குறிக்கப்படுகின்றன. தன்னிரக்கம் எங்கும் இல்லை. தம்மையும் பரிசோதனைக்கு உரிய உடலாகப் பார்க்கும் இந்த நேர்மை அவருடைய நடையின் முதற்பண்பு.

தங்கையின் மரணம்

இந்நடையின் ஆற்றலை அளக்கத் தன்வரலாற்றின் ஒரு பகுதி போதும். அவருடைய இளைய சகோதரிக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. தொடக்கத்தில் அது சீதபேதி என்று தவறாகக் கொள்ளப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவம் படித்த அக்காள் அருகில் இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை.

இதை ஆசிரியர் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. நோய் தவறாகக் கணிக்கப்பட்டது என்னும் செய்தியே இங்குத் துயரத்தின் மையம். புலம்பல் தேவைப்படவில்லை. அக்காலத்துத் தென்னிந்தியாவில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை இல்லை. அதைக் காலத்தில் கண்டறியும் பயிற்சியும் பரவலாக இல்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் இழப்பு ஒரு மாகாணத்தின் குறையாக விரிகிறது. 1925இல் இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர்பயிற்சி பெற்றபோதும், பின்னர் பல ஆண்டுகள் அரசிடமும் பொதுமக்களிடமும் நிதி கேட்டபோதும், இக்குறிப்பு அவர் மனத்தில் திறந்தே இருந்தது என்பதை நூல் உணர்த்துகிறது. 1952இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனை தொடங்கியது. தங்கையின் மரணத்துக்கும் அந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் இடையே முப்பதாண்டுகள் சென்றன. அந்த இடைவெளியை உணர்ச்சிச் சொற்களால் நிரப்பாமல், மனுக்களாலும் கூட்டங்களாலும் நிரப்புகிறது இந்நூல். இலக்கியச் சுவை நாடும் வாசகருக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் துயரம் நிறுவனமாக மாறுவதற்கு எத்தகைய அலுப்பூட்டும் உழைப்பு தேவை என்பதை இவ்வறட்சியே காட்டுகிறது.

நோயாளி பேசும்போது

இதே பார்வை தேவதாசி முறை பற்றிய பகுதிகளில் வேறு விளைவைத் தருகிறது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டுமென்று 1927இல் முத்துலட்சுமி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொணர்ந்த திருத்தம் நிறைவேறியது. கோயிற்பணிக்கென மானியமாக விடப்பட்ட நிலங்களை அப்பணியிலிருந்து பிரித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்க அது வழிசெய்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மானிய நிலம் பற்றிய திருத்தம் நுட்பமானது. வழக்கத்தின் வேர் சமயத்தில் மட்டுமன்றிப் பொருளியலிலும் உள்ளது என்பதை அவர் சரியாகக் கண்டார். பணி நின்றால் பிழைப்பும் நின்றுவிடும் என்னும் அச்சத்தைச் சட்டம் ஓரளவு போக்கியது. நோயின் காரணத்தை அறிந்து மருந்து கொடுத்தவரின் செயல் இது.

இக்காலத்தில் சென்னையின் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனுக்கள் அளித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றார். முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமாகிய ‘ராதிகா சாந்த்வன’த்தை 1910இல் பதிப்பித்த அறிஞர் அவர். தம் மரபு விபசாரத்தோடு ஒன்றாக்கப்படுவதை மனுதாரர்கள் மறுத்தனர். ஆகமங்களைச் சான்று காட்டினர். தம் குலத்துக்குத் தேவை ஒழிப்பன்று, சமயமும் இலக்கியமும் கலையும் அடங்கிய கல்வியே என்று வேண்டினர். முத்துலட்சுமி இம்மனுக்களைப் பிறர் தூண்டுதலால் எழுந்தவை என்று ஒதுக்கினார்.

இங்கேதான் நோயாளிக் குறிப்பின் வரம்பு வெளிப்படுகிறது. அக்குறிப்பில் நோயாளியின் முறையீட்டுக்கு இடம் உண்டு. நோயாளியின் மறுப்புக்கு இடமில்லை. தமக்கு நோய் இல்லை என்று சொல்பவரின் கூற்றையும் நோயின் அறிகுறியாகவே மருத்துவர் கொள்ள நேர்கிறது. ஆனால் மனுதாரர்கள் கேட்டதும் முத்துலட்சுமி வாழ்நாள் முழுதும் நம்பியதும் ஒரே மருந்துதான்: கல்வி. எதிரெதிர் அணியில் நின்ற இரு தரப்பும் ஒரே தீர்வைச் சொல்லியும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவில்லை. 1930ஆம் ஆண்டு நூலைப் படிப்பவர் இவ்வொற்றுமையை அந்நூலின் பக்கங்களிலிருந்து அறிய இயலாது. மனுக்களை அருகில் வைத்துப் படித்தாலே அறிய முடியும்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலோடு ஒப்பிட்டால் வேறுபாடு மேலும் தெளிவாகும். முத்துலட்சுமியைப் போலவே ராமாமிர்தமும் பொட்டுக்கட்டும் முறைக்குக் கடும் எதிரி. ஆயினும் அவர் தமிழில் எழுதினார்; தாம் பிறந்து வளர்ந்த குலத்தின் பேச்சையும் தந்திரத்தையும் ஏச்சையும் அறிந்து எழுதினார். அந்நாவலில் தாசிகள் வாயாடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், வாதிடுகிறார்கள். அவர்களுள் சிலர் தாமே சிந்தித்து வெளியேறுகிறார்கள். பிரசார நோக்கம் மிகுந்த அந்நாவலில் கலைக்குறைகள் பல உண்டு. ஆனால் ஒழிக்கப்பட வேண்டிய முறைக்குள் வாழ்ந்த பெண், அங்கே பேசும் பாத்திரமாக இருக்கிறாள். முத்துலட்சுமியின் நூலில் அவள் காக்கப்பட வேண்டிய உயிர். அதற்குமேல் அவளுக்குக் குரல் இல்லை.

தாயைப் பற்றிய மௌனம்

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி அய்யர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். தேவதாசி முறையோடு தொடர்புடைய மரபு அது. சட்டமன்றத்தில் அவர் யாருக்காக வாதாடினாரோ, அவர்கள் ஒரு வகையில் தாய்வழி உறவினர்.

ஷார்லீப்புக்கு இந்நிலை இல்லை. சென்னையின் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரை அணுக இயலாமல் மடிவதைக் கண்டு அவர் மருத்துவம் பயின்றார். அவருடைய இரக்கம் உண்மையானது. ஆயினும் அவருக்கு நோயாளி என்பவள் வேற்று நாட்டுப் பெண். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே இருந்த தொலைவு அவருடைய எழுத்துக்கு இயல்பாகவே அமைந்தது. முத்துலட்சுமிக்கு அத்தொலைவு இயல்பானதன்று; அதை அவர் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தம் குருதி உறவை வாதத்துக்குச் சான்றாக அவர் 1930ஆம் ஆண்டு நூலில் வைக்கவில்லை. தன்வரலாற்றிலும் கல்வி தந்த தந்தையின் சித்திரம் துலங்கும் அளவுக்குத் தாயின் மரபு துலங்குவதில்லை.

இம்மௌனத்தை அச்சம் என்றோ மறைப்பு என்றோ விரைந்து தீர்ப்பிடுவது எளிது. 1927ஆம் ஆண்டின் மன்றத்தை நினைத்துப் பார்த்தால் அத்தீர்ப்பு நில்லாது. தாயின் குலத்தைக் கூறியிருந்தால் எதிர்த்தரப்பு அவருடைய மசோதாவை விட்டுவிட்டு அவருடைய பிறப்பையே விவாதப் பொருளாக்கியிருக்கும். மருத்துவர் என்னும் தகுதி ஒன்றே, ஒரு பெண் அம்மன்றத்தில் பேச்சுரிமையோடு நிற்பதற்கு ஏற்ற தளத்தைக் கொடுத்தது. அத்தளத்தில் நிற்க அவர் கொடுத்த விலை தாயைப் பற்றிய பேச்சு. சட்டமன்ற நூலைப் பொறுத்தவரை இம்மௌனத்தை அரசியல் உத்தியாகக் கொள்வதே பொருந்தும்.

1964ஆம் ஆண்டுத் தன்வரலாற்றுக்கு இவ்விளக்கம் போதாது. அப்போது தடைச் சட்டம் வந்து 17 ஆண்டுகள் ஆகிவிட்டன. 1956இல் பத்மபூஷண் விருதும் கிடைத்திருந்தது. ஆசிரியரை எவரும் அசைத்திருக்க முடியாது. இருந்தும் நடை மாறவில்லை. முப்பதாண்டுகள் பேணிய தொலைவு அவருடைய உரைநடையின் இயல்பாகவே இறுகிவிட்டது என்று கருத இடமுண்டு. தேவையால் மேற்கொண்ட நடை, தேவை நீங்கியபின்னும் எழுதுபவரை விடுவதில்லை. இக்காலத்தில் தமிழில் வந்த தன்வரலாறுகளோடு இதை ஒப்பிடலாம். திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ (1944), உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆகிய இரண்டிலும் பொதுவாழ்வும் புலமையும் உறவுகளின் வழியே விரிகின்றன. ஊரும் உறவினரும் ஆசிரியரும் பேச்சும் உணவும் நிறைந்திருக்கின்றன. முத்துலட்சுமியின் நூலில் செயல்கள் நிறைந்திருக்கின்றன. மனிதர்கள் செயலுக்குத் துணையாகவோ தடையாகவோ மட்டுமே வருகிறார்கள். ஆங்கிலத்தைத் தேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். பெண்கள் இந்திய சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழோடு ஆசிரியராகத் தொடர்புகொண்டு, பன்மொழி வாசகரை எட்ட முயன்றவர் அவர். எனினும் தம் வாழ்வை எழுத ஆட்சி மொழியையே எடுத்தார். தாயோடு பேசிய மொழி அந்நூலில் இல்லாதபோது தாய் அதில் மங்கித் தெரிவது வியப்பன்று.

வாயிலில் நின்றவர்கள்

இந்நடை தளர்கின்ற இடமும் ஒன்று உண்டு. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதை எதிர்த்து 1930இல் முத்துலட்சுமி மன்றப் பதவியைத் துறந்தார். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமிகள் சிலர் தங்க இடமின்றி அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். சாதியின் பெயரால் இயங்கிய விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டதிலிருந்து அவ்வை இல்லம் தோன்றியது.

சட்டமன்ற நூலில் தேவதாசி ஒரு பிரச்சினை. வாயிலில் வந்து நின்றவர்களோ பசியும் பயமும் கொண்ட பிள்ளைகள். சட்டம் இயற்றினால் போதாது, வெளியேறியவருக்குப் படுக்கையும் சோறும் பள்ளியும் வேண்டும் என்பதை அவர்கள் வரவு அவருக்கு உணர்த்தியது. சீர்திருத்தம் எந்தக் கேள்விக்கு விடை காணாமல் விட்டிருந்ததோ, அக்கேள்வியைச் சிறுமிகளே நேரில் கொண்டுவந்தார்கள். மனுக்களின் வழியே கேட்காத குரல் இங்குக் கதவைத் தட்டியது; அவர் கதவைத் திறந்தார். இல்லத்துக்கு அவர் தேர்ந்த பெயரும் பொருள் மிக்கது. திருமணமோ கோயிலோ வரையறுக்காத, கல்வியால் மட்டுமே அறியப்பட்ட பெண்ணாகத் தமிழ் மரபு போற்றுவது அவ்வையை. ஆங்கிலத்தில் தன்வரலாறு எழுதியவர், இல்லத்துக்குப் பெயர் தேடியபோது தமிழிடம் திரும்பினார்.

முடிவுரை

முத்துலட்சுமி ரெட்டியின் இரு நூல்களும் மருத்துவரின் உரைநடையால் அமைந்தவை. தங்கையின் நோயையும் குழந்தை மணத்தின் கேட்டையும் எழுதும்போது அந்நடை உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி உண்மையை முன்னிறுத்துகிறது. தேவதாசியரைப் பற்றி எழுதும்போது அதே கட்டுப்பாடு அவர்களுடைய மறுமொழியைக் கேளாமல் செய்கிறது. எழுதுபவரின் தாயையும் நிழலுக்குள் தள்ளுகிறது.

அவரைப் போற்றும் நூல்கள் முதற்கூற்றை மட்டும் சொல்கின்றன. கலை மரபின் இழப்பை எண்ணி அவரைக் குறைகூறும் அண்மைக்கால ஆய்வுகள் பல இரண்டாவதை மட்டும் சொல்கின்றன. இரண்டும் ஒரே கையின் எழுத்து என்பதை ஏற்றால்தான் அந்நூல்கள் சான்றுக் களஞ்சியம் என்னும் நிலையிலிருந்து இலக்கியம் என்னும் நிலைக்கு வரும். அதற்கு அவற்றைத் தனியே படிப்பது போதாது. நாகரத்தினம்மாள் முதலானோரின் மனுக்களையும் ராமாமிர்தம் அம்மையாரின் நாவலையும் ஷார்லீப்பின் நினைவுகளையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர் தம் பிள்ளைகளுக்கு முன்னோடிப் பெண்களை அறிமுகப்படுத்தும் பாடங்களிலும், ‘முதல்’ என்னும் பட்டியலுக்குப் பதிலாக இந்நான்கு குரல்களும் அருகருகே வருவது நலம். சந்திரம்மாளின் மகள் எழுதியதும், சந்திரம்மாளின் குலத்தவர் எழுதியதும் ஒரே மேசையில் இருந்தால், 1927ஆம் ஆண்டில் நடவாமற்போன உரையாடல் வாசகர் மனத்திலேனும் தொடங்கும்.